கத்தரிக்காய்க் குழம்புப் பக்கம்

ஓடு சனியனே, ஓடு. திரையில் வரிகள் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே போகின்றன, பச்சை எழுத்து, மஞ்சள் எழுத்து, மறுபடியும் பச்சை. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்ப்பதற்குத்தான் சம்பளம். ஒரு வெப்சைட் என்றால் நாங்கள் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் நூற்றுக்கணக்கில் சிதறிக் கிடக்கும், எல்லாவற்றையும் அள்ளிப் போட்டு அரைத்து, பிரவுசர் விழுங்குகிற மாதிரி ஒரே உருண்டையாகப் பிடித்துக் கொடுக்க ஒரு கருவி வேண்டும், அந்த வேலைக்குப் பெயர் பில்ட். இத்தனை வருஷம் எங்களுக்கு அரைத்துக் கொடுத்த பழைய கருவியை அதை உருவாக்கியவர்களே கைகழுவிவிட்டார்கள். இனி இதில் ஓட்டை விழுந்தாலும் நாங்கள் அடைக்க மாட்டோம், இதோ இதன் வாரிசு, இதற்கு மாறிக்கொள்ளுங்கள் என்று ஓர் அறிவிப்பு, அவ்வளவுதான், போய்விட்டார்கள். விட்டுவிட்டுப் போவது சில பேருக்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது. கதவைச் சாத்தினோமா, செருப்பை மாட்டினோமா என்று. எனக்குக் கதவு என்றாலே இடது மணிக்கட்டு வலிக்கிறது. சமையலறைக் கதவு அது, கனமான பழைய தேக்கு, நேற்று ராத்திரி அதற்கும் நிலைக்கும் நடுவில் என் கை இருந்தது, என் புருஷனுக்கு அது தெரியும், தெரிந்துதான் சாத்தினான், மெதுவாக, காற்றுக்குச் சாத்துவது போல. கத்தவில்லை. அவன் கத்தவே மாட்டான். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் திருமூர்த்தி மாதிரி ஒரு தங்கமான மனுஷன் உண்டா என்பார்கள். முழுக்கைச் சட்டைக்குள் மணிக்கட்டு தடித்துப்போய் சூடாக இருக்கிறது. ஒரு கையால் டைப் அடிக்கிறேன், யாரும் கவனிக்கவில்லை, ஐடி கம்பெனியில் யார் யாருடைய கையைப் பார்க்கிறார்கள்.

மேஜையோரம் டிபன் பாக்ஸ் கழுவாமல் கிடக்கிறது, மூடியைத் தாண்டிப் புளிவாசனை. கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. மதியம் சாப்பிடும்போது பர்வீன் எட்டிப் பார்த்து, "மறுபடியும் கத்தரிக்காயாக்கா? மாமாவுக்கு அலுக்கவே அலுக்காதா?" என்றாள். பர்வீன் எங்கள் டெஸ்டர், உக்கடத்துக்காரி, வாய் ஓயாது. "நம்ம சைட்டைப் பாத்துத்தான் மேகலாக்கா சமையலே கத்துக்கிட்டாங்க" என்று அந்தப் பக்கம் ஜெரால்டிடமும் சொல்லிச் சிரித்தாள், நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்ய, அவள் சொன்னது அத்தனையும் உண்மை. ஜெரால்டு எங்கள் டீம் லீட், தூத்துக்குடிப் பையன், என்னைவிட ஆறேழு வயது இளையவன், புதுக்கருவி என்றால் அவனுக்குப் புது பைக் மாதிரி. "பழசைக் கட்டிக்கிட்டு ஏன் அழுவுதீங்க மேகலா? இது எம்புட்டு வேகம்னு பாருங்க. வேண்டாததை எல்லாம் தானே தூக்கி எறிஞ்சிரும்" என்று காலையிலிருந்து நாலு தடவை சொல்லிவிட்டான். ஒவ்வொரு தடவையும் அவன் மண்டையை மானிட்டரோடு சேர்த்து மோத வேண்டும் போல இருந்தது, கண்ணாடி நொறுங்க, அந்தப் பச்சை எழுத்தெல்லாம் அவன் நெற்றியில் ஒட்டிக்கொள்ள. நல்ல பையன்தான். எனக்கு இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் கைதான் முதலில் நினைக்கிறது. பஸ்ஸில் இடிப்பவன், லிஃப்டில் விசிலடிப்பவன், ஏன், தெருவில் குரைக்கும் நாய்கூட. இப்படி ஆகிவிட்டேனே என்று பயமாகவும் இருக்கிறது. திருமூர்த்தியிடமிருந்து எனக்குத் தொற்றிவிட்டதோ என்று.

போதாததற்கு இந்த சைட் வேறு. வேறு எதையாவது அரைக்கிற வேலையாக இருந்திருக்கக் கூடாதா, செருப்புக் கடை, பஸ் டிக்கெட், ஏதாவது. வீட்டில் அடிபடும் பெண்களுக்காக ஓர் அமைப்பு நடத்தும் சைட். போனில் திறந்து, நடந்ததை எழுதலாம், பேசுவதற்கு ஆள் கேட்கலாம், இன்றைக்கு ராத்திரி போய்த் தங்க இடம் கேட்கலாம். பக்கத்தின் மேல்மூலையில் சிவப்பாக ஒரு பட்டன், "வெளியேறு". புருஷன் வரும் சத்தம் கேட்டால் அதை அமுக்க வேண்டும். உடனே பக்கம் மறைந்து ஒரு சமையல் குறிப்புப் பக்கம் வந்துவிடும். அந்த பட்டனை எழுதியது நான். முதலில் வானிலைப் பக்கம் வரட்டும் என்றார்கள். ராத்திரி எந்தப் பொம்பளைடா வானிலை பார்ப்பாள் என்று கேட்டேன். சமையல் வை, எந்த ஆம்பளையும் சந்தேகப்பட மாட்டான், சமையல் குறிப்பு பார்ப்பதை ஒரு வேலையாகவே மதிக்க மாட்டான் என்று நானே சொல்லி, நானே தேடி எடுத்து வைத்தேன், கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு செய்வது எப்படி, மேலே ஆவி பறக்கும் மண்சட்டிப் படம். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. எவளோ ஒருத்திக்காக எழுதுகிறோம் என்று பெருமையாக இருந்தது.

அந்த எவளோ ஒருத்தி பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டு எழுதுவாள். அப்படித்தான் நினைத்திருந்தேன், குழாய்ச் சத்தத்தில் டைப் அடிக்கும் சத்தம் கேட்காது என்று. போனில் ஏது சத்தம், பைத்தியக்காரி. நான் எழுதுவது படுக்கையறை பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் இருக்கிற சந்தில், துணி மடிக்கிற சாக்கில். முதல் தடவை ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். "அடிக்கிறார்." மரியாதை வேறு கேடு, அவர் இவர் என்று. பின்னால் காலடி. அவன் நடை எனக்குத் தெரியும், மோட்டார் பட்டறையில் நாளெல்லாம் நிற்கிற கால், குதிகாலை ஊன்றி ஊன்றி வரும். விரல் தானாகப் போய் அமுக்கியது. "என்ன புள்ள பாத்துட்டிருக்கற?" போனை வாங்கிப் பார்த்தான். மண்சட்டி, ஆவி. நான் வைத்த அதே படம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். "பாக்கறது மட்டுந்தானா, செஞ்சு போட மாட்டியா?" என்றான். செய்தேன். அந்த நேரத்துக்குக் கத்தரிக்காய்க்கு எங்கே போவது, ஃபிரிட்ஜில் இரண்டு சூம்பிப்போய்க் கிடந்தன, அவற்றை அரிந்து, புளியைக் கரைத்து வைத்துக் கொடுத்தேன். நல்லாருக்குது என்றான். அதற்கப்புறம் எப்போதெல்லாம் அந்த பட்டனை அமுக்கினேனோ அப்போதெல்லாம் வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு, பார்த்ததைச் செய்யாவிட்டால் எதற்குப் பார்த்தாய் என்று கேட்பானே. அடுத்த நாள் அதுவே டிபன் பாக்ஸில் வரும். கத்தரிக்காய் எனக்குப் பிடிக்காது. வாயில் வைத்தால் நாக்கு அரிக்கும். நேற்றும் அமுக்கினேன். நேற்று அவன் படத்தைப் பார்த்துவிட்டுக் குழம்பு வை என்றான், நான் அடுப்பை நோக்கிப் போகையில் ஒரு நொடி தாமதித்தேன், அந்த ஒரு நொடிக்குத்தான் கதவு. கைக்கு ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு குழம்பு வைத்தேன். அரிவாள்மனையில் கத்தரிக்காய் இரண்டாகப் பிளக்கும்போதெல்லாம் அவனுடைய கழுத்தை நினைத்தேன். பிளந்து, மறுபடியும் பிளந்து, சின்னச் சின்னதாக. உப்பு சரியாக இருந்தது.

வரிகள் நின்றுவிட்டன. முடிந்தது என்கிறது. தேவையற்றவை நீக்கப்பட்டன என்று ஒரு பட்டியல் போடுகிறது, புதுக்கருவிக்குத் தற்பெருமை ஜாஸ்தி, எதையெல்லாம் தூக்கி எறிந்தேன் பார் என்று காட்டும். பழைய காலண்டர் கோப்பு, சரி. யாரோ விட்டுப்போன சோதனைக் கோப்பு, சரி. மூன்று வருஷத்துக்கு முன்னால் வேலையை விட்டுப் போனவனின் அனிமேஷன், தொலையட்டும். அதற்குக் கீழே வெளியேறு. கண் அதைத் தாண்டிப் போய் அடுத்த வரியைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தது. வெளியேறு. யாராலும் அழைக்கப்படவில்லை, ஆகவே நீக்கப்பட்டது. யாராலும் அழைக்கப்படவில்லையாம். எனக்குக் காரணம் உடனே புரிந்தது, அதுதான் கொடுமை, எல்லாக் காரணமும் எனக்கு உடனே புரிந்துவிடும். பட்டன் இருப்பது பக்கத்தில், அது செய்ய வேண்டிய வேலை இருப்பது தனிக் கோப்பில். பட்டனே நேராக அந்தக் கோப்பைக் கூப்பிடும்படி எழுதியிருந்தேன், அன்றைக்கு எல்லாரும் அப்படித்தான் எழுதினோம். பழைய கருவி சோம்பேறி, எதையும் எறியாது. புதியது ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை மட்டும் துருவிப் பார்க்கிறது, இதை எந்தக் கோப்பும் கூப்பிடவில்லையே என்று குப்பையில் போட்டுவிட்டது. பக்கத்திலிருந்து ஒருத்தி கூப்பிடுவாள் என்று அதற்குத் தெரியாது. டெஸ்ட் சைட்டைத் திறந்தேன். பட்டன் இருக்கிறது, சிவப்பாக, அழகாக, மூலையில். அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும். பக்கம் அப்படியே நிற்கிறது, உங்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டு. சத்தமில்லை, தப்பு என்றுகூடச் சொல்லவில்லை. பீரோச் சந்து. குதிகால் சத்தம். அமுக்குகிறேன், நிற்கிறது. அமுக்குகிறேன், நிற்கிறது. கை வந்து போனை வாங்குகிறது.

டெஸ்ட் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கிறது. பட்டன் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் டெஸ்ட் அது. அமுக்கினால் சைட்டை விட்டே வெளியே போய்விடும், டெஸ்ட் பாதியில் நின்றுவிடும், அதனால் அமுக்குவதை மட்டும் விட்டுவிடலாம் என்று பர்வீனும் நானும் சேர்ந்துதான் முடிவெடுத்தோம். இருக்கிறது, ஆனால் வேலை செய்யாது, எங்கள் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள் மாதிரி. எழுந்து ஜெரால்டு மேஜைக்குப் போனேன். சொன்னேன். அவன் பதறவில்லை. "சரி, குறிச்சு வைங்க, அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கிடலாம்" என்றான். "இன்னைக்குச் சாயங்காலம் பழசை எடுத்துட்டுப் புதுசைப் போடலன்னா செக்யூரிட்டி ஆடிட்காரன் நம்மளைத் தின்னுருவான். பழசுல ஓட்டை இருக்கு, தெரியும்லா?" தெரியும். "அந்த பட்டனை யாரு அமுக்குதா சொல்லுங்க? எண்ணிக்கையில பூஜ்யம்தான் காட்டுது." எண்ணக்கூடாது என்று வைத்ததே நாங்கள்தானேடா, அமுக்கியதற்குத் தடயமே இருக்கக் கூடாது என்றுதானே. அதையும் சொன்னேன். "அப்ப அமுக்குதாங்கன்னும் தெரியாதுல்லா?" என்று சிரித்தான். கெட்ட எண்ணமில்லை. கணக்கில் வராதது இல்லாதது என்று படித்து வளர்ந்தவன். எனக்குத் தெரியும்டா, எனக்குத் தெரியும் என்று தொண்டை வரைக்கும் வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். எப்படித் தெரியும் என்று கேட்பான். சொன்னால் நாளையிலிருந்து நான் மேகலா இல்லை, பாவம் மேகலா. டீ வாங்கிக் கொடுப்பார்கள். நான் எழுதிய புரோகிராமைப் பார்க்கும்போது குரலைத் தாழ்த்துவார்கள். இங்கே ஒரு இடத்தில்தான் யாரும் என்னை அடித்ததில்லை, இந்த நாற்காலியில் மட்டும்தான். அதையும் கொடுத்துவிட வேண்டுமா. பேசாமல் போய் உட்கார், மேகலா. ஒரு வாரம்தானே, அடுத்த ரிலீஸ். ஒரு வாரத்துக்கு நீ எழுதாமல் இரு. நீ எழுத மாட்டாய், சரி. கவுண்டம்பாளையத்திலோ கரூரிலோ எவளோ ஒருத்தி இன்றைக்கு முதல் தடவையாக ஒரு வரி எழுதுவாளே. பட்டனைப் பார்த்து நம்பி எழுதுவாளே. பட்டன் இல்லாவிட்டாலாவது பயந்துகொண்டு எழுதாமல் இருப்பாள். இருக்கிறதே, சிவப்பாக, நான் வைத்தது.

"ஜெரால்டு, உங்க போன்ல டெஸ்ட் சைட்டைத் திறங்க" என்றேன். என் குரல் சாதாரணமாக இருந்தது. "திறந்து எதையாவது எழுதுங்க. நான் வர்ற சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க. அமுக்கி மறைச்சிட்டீங்கன்னா நான் போய் உக்காந்துக்கறேன்." விளையாட்டு என்று நினைத்துக்கொண்டான். பர்வீனும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். நான் கண்ணாடிக் கதவு வரைக்கும் போய்த் திரும்பினேன். அவன் முதுகு தெரிந்தது, குனிந்த கழுத்து, போன் வெளிச்சம். நடந்தேன். குதிகாலை ஊன்றி ஊன்றி. நான் அப்படி நடந்ததே இல்லை, ஆனால் கால்களுக்குத் தெரிந்திருந்தது. "என்ன புள்ள பாத்துட்டிருக்கற?" என்றேன். அது என் குரல் இல்லை. கத்தவில்லை, தாழ்ந்த குரல், கொஞ்சம் பிரியமாகக்கூட. ஜெரால்டு சிரித்துக்கொண்டே அமுக்கினான். பக்கம் நின்றது. இன்னொரு தடவை அமுக்கினான். "குடு" என்று அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். "இல்ல, இது ஒர்க் ஆகல, அதான் சொல்லு…" "குடுங்கறேன்ல?" பிடித்துத் திருப்பினேன், வலது கையால், என் கையைத் திருமூர்த்தி எப்படித் திருப்புவானோ அப்படி, கட்டைவிரலை உள்பக்கம் நரம்பில் வைத்து. நாற்காலி உருண்டு மேஜையில் மோதியது. அவன் இன்னும் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தான், இடது கையால், டக் டக் டக்கென்று, சிரிப்பு போய்விட்டிருந்தது. "மேகலா, விடுங்க. வலிக்கு. மேகலா!" விட்டிருக்கலாம். அங்கேயே விட்டிருக்க வேண்டும். விடவில்லை. அந்த எலும்பு என் விரல்களுக்குள் இருந்தது, இன்னும் கொஞ்சம் திருப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அவன் கண்ணில் பயம் வந்தது, என் உடம்பு முழுக்க ஒரு சூடு பரவியது. எனக்குப் பிடித்திருந்தது. கடவுளே, எனக்குப் பிடித்திருந்தது. இதற்காகத்தானா திருமூர்த்தி செய்கிறான், இந்தச் சூட்டுக்காகத்தானா. கையை உதறி எடுத்தேன், நெருப்பிலிருந்து எடுப்பது போல.

ஜெரால்டு மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான். நாலு விரல், ஒரு கட்டைவிரல், சிவப்பாக. திட்டுவான், ஹெச்ஆரிடம் போவான், போகட்டும். அவன் போனைப் பார்த்தான், பக்கம் இன்னும் அங்கேயே இருந்தது, உங்களுக்கு என்ன நடந்தது, அதற்குக் கீழே அவன் விளையாட்டாக எழுதிய வரி, "மேகலா அக்கா மிரட்டுறாங்க". அதைப் படித்தான். அழித்தான். அப்புறம் என்னைப் பார்க்காமலே ஆடிட்காரருக்குப் போன் போட்டு, "சார், இன்னைக்கு லேட்டாகும். ஆமா சார். என் முடிவுதான்" என்றான். மன்னிப்புக் கேட்காமலே என் நாற்காலிக்குப் போனேன். சரிசெய்வதற்கு ஒரு வரி போதும், யார் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் இதைத் தொடாதே என்று புதுக்கருவிக்குச் சொல்லும் ஒரு வரி. ஒரு கையால் அடித்தேன், மூன்று தடவை தப்பாக அடித்து, அழித்து, மறுபடியும் அடித்தேன். பர்வீன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, அமுக்கிப் பார்க்கும் டெஸ்டைத் தானே எழுதித் தருவதாகச் சொன்னாள். அவளும் மெதுவாகத்தான் பேசினாள். ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். பில்ட் ஓடியது. வரிகள் ஏறின. நீக்கப்பட்டவை பட்டியல் வந்தது, காலண்டர், சோதனைக் கோப்பு, அனிமேஷன், அதோடு நின்றது.

"நான் அமுக்கறேன்க்கா" என்று பர்வீன் என் தோளுக்கு மேல் கையை நீட்டி மவுஸைப் பிடித்தாள். அமுக்கினாள். பக்கம் மறைந்தது. மண்சட்டி, ஆவி, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு செய்வது எப்படி. "வந்துருச்சு!" என்று குதித்தாள், பழைய பர்வீனாக, "அக்கா, உங்க கொழம்பு வந்துரு…" என்று ஆரம்பித்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். திரையைப் பார்த்தாள். என் டிபன் பாக்ஸைப் பார்த்தாள், மூடியோரம் வழிந்து காய்ந்திருந்த குழம்பை. போன வாரத்து டிபன் பாக்ஸையும் அதற்கு முந்தினதையும் அவள் நினைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது, ஒவ்வொன்றாக, கேலி செய்த ஒவ்வொரு மதியமாக. கடைசியில் என் முழுக்கைச் சட்டையின் இடது ஓரத்துக்கு வந்தாள். மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நேத்தும் அமுக்குனீங்களாக்கா?" என்றாள்.

இல்லை என்று சொல்ல எனக்கு எத்தனையோ வழி தெரியும். ஜெரால்டு அந்தப் பக்கம் மணிக்கட்டைப் பிடித்தபடி திரும்பாமல் உட்கார்ந்திருந்தான், கேட்டுக்கொண்டிருந்தான்.

"நேத்தும்" என்றேன். "எனக்குக் கத்தரிக்காயே பிடிக்காது பர்வீன்."